மொச்சைப் புரதமும் நோபல் பரிசும்

(பழைய மாணவர் சந்திப்பில் வேதியியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் செயலாளர் எனக்கு ஃபோன் பண்ணினார். "அண்ணே, அறிவியல், மருத்துவம், செயற்கை நுண்ணறிவு, மூணுலயும் சமீபத்துல என்னென்ன நடந்திருக்குன்னு ஒரு இருபது நிமிஷம் பேசிடுங்க" என்றார். இருபது நிமிஷத்தில் மூன்றையும் சொன்னால் அது ரயில்வே கால அட்டவணையை வாசித்த மாதிரி இருக்கும். ஊர்ப் பேர் எல்லாம் வரும், ஓர் ஊரையும் பார்த்திருக்க மாட்டோம். ஆகவே ஒரே ஒரு கதையைச் சொல்கிறேன். அதில் மூன்றும் வருகிறது. கூடவே நானும் கொஞ்சம் வருகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இன்று காலை பழைய வேதியியல் லேபைப் பார்க்கப் போனேன். அதே கருங்கல் மேசை. அதே ஜன்னல். கிப்ஸ் உபகரணம் மட்டும் அலமாரிக்குள் போய்விட்டது. ஆனால் அந்த அழுகிய முட்டை வாசனை இன்னும் சுவரில் இருப்பதாகவே எனக்குத் தோன்றியது. அங்கே மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் பியூரெட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் வந்த காரணத்தைச் சொன்னேன். உடனே கேட்டார்: "சார், மெஷினே எல்லாத்தையும் கண்டுபிடிச்சிருமாமே. அப்ப நாங்க எதுக்கு சார் இதைக் கழுவிக்கிட்டு நிக்கிறோம்?"

நல்ல கேள்வி. அங்கே எனக்குப் பதில் வரவில்லை. "சாயங்காலம் மேடையிலே சொல்றேம்மா" என்று தப்பித்து வந்துவிட்டேன். இப்போது தப்பிக்க வழியில்லை.

கதையின் நாயகன் புரதம். பருப்பிலும் முட்டையிலும் இருப்பது மட்டும் புரதம் இல்லை. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பதும், சோற்றைச் செரிக்க வைப்பதும், காய்ச்சல் கிருமியோடு சண்டை போடுவதும் புரதங்கள்தாம். ஒவ்வொன்றும் ஒரு பூச்சரம் மாதிரி. இருபது வகைப் பூக்கள், அதாவது இருபது வகை அமினோ அமிலங்கள். எந்தப் பூவுக்குப் பிறகு எந்தப் பூ என்ற வரிசை மாறினால் புரதம் மாறும். ஆனால் சரம் சரமாகவே இருந்தால் ஒரு வேலையும் செய்யாது. மடங்கிச் சுருண்டு தனக்கே உரிய ஓர் உருவத்தை அடைய வேண்டும். உருவம் தெரிந்தால் வேலை புரியும். வேலை புரிந்தால் மருந்துக்கு வழி தெரியும்.

சரத்தின் வரிசையிலேயே உருவத்துக்கான விதி இருக்கிறது என்று காட்டியவர்களில் முக்கியமானவர் கிறிஸ்டியன் அன்ஃபின்சன். 1972-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்த விதியை எப்படிப் படிப்பது? ஒரு சிறிய புரதம்கூட எத்தனை விதமாக மடங்கலாம் என்று கணக்குப் போட்டு, ஒவ்வொன்றாக முயன்று பார்த்தால் பிரபஞ்சத்தின் வயது போதாது என்று 1969-இல் சைரஸ் லெவின்தால் எடுத்துக் காட்டினார். ஆனால் நம் உடம்பில் பல புரதங்கள் கண் இமைக்கும் நேரத்தில் மடங்கிவிடுகின்றன!

இந்தக் கதையில் நம் சென்னைக்கு ஓர் இடம் உண்டு. அது நம் மாணவர்களில் பலருக்குத் தெரியவில்லை என்பது என் வருத்தம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவராக இருந்தவர் ஜி.என். ராமச்சந்திரன். நம் தோலிலும் தசைநாரிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றது என்று 1954-55-இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து சொன்னார். பிறகு 1963-இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து ஒரு படம் வரைந்தார். சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு கோணங்கள். எந்தக் கோணத்தில் திருப்பினால் அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும், எதில் இடிக்காது என்று கணக்குப் போட்டார்கள். திருப்பக்கூடிய இடம் மிகக் கொஞ்சம் என்று தெரிந்தது. இன்றைய மாதிரிக் கணினி வசதி இல்லாத காலம் அது. உலகில் எந்த லேபில் புரதத்தின் உருவத்தைக் கண்டுபிடித்தாலும் அது சரியா என்று இன்றைக்கும் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துத்தான் சோதிக்கிறார்கள்.

அந்தப் பெயரைக் கேட்ட மயக்கத்தில்தான் 1984-இல் நான் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தேன். பேர் வேண்டாம். மொச்சை விதையில் இருக்கும் ஒரு புரதத்தின் உருவத்தைக் கண்டுபிடிப்பது என் வேலை. அதற்கு முதலில் அதைப் படிகமாக வளர்க்க வேண்டும். பிறகு எக்ஸ் கதிரைப் பாய்ச்ச வேண்டும். மொச்சையை மூட்டையாக வாங்கி அரைத்தேன். ஹாஸ்டலில் எனக்கு "மொச்சை" என்றே பெயர். வடிகட்டி, உப்பில் பிரித்து, சுத்தம் செய்து, கண்ணாடித் தகட்டில் துளித்துளியாகத் தொங்கவிட்டு, தினமும் காலையில் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. இரண்டு வருடம் கழித்து ஒருநாள் பளபளவென்று படிகம்! லேபில் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் எக்ஸ் கதிரில் வைத்துப் பார்த்தால் அது வெறும் உப்பு.

அடுத்த வருடம் பொங்கல் விடுமுறையில் குளிர் அறைக்கு மின்சாரம் போய்விட்டது. யாரும் பார்க்கவில்லை. நான் ஊரிலிருந்து திரும்பியபோது ஆறு மாத உழைப்பு கெட்டுப்போய் நாறியது. கடைசி வரையில் படிகம் வரவே இல்லை. அந்தப் புரதத்தின் வேறு சில குணங்களை எழுதி 1990-இல் பட்டம் வாங்கிக்கொண்டு கல்லூரி ஆசிரியராகப் போனேன். இருபத்தொன்பது வருடம் பாடம் நடத்தி 2019-இல் ஓய்வு பெற்றேன். இடையில் யாராவது "உங்க பி.எச்டி. எதில சார்?" என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

இனி எந்திரத்தின் கதைக்கு வருகிறேன். 1994 முதல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு போட்டி நடக்கிறது. ஆய்வகத்தில் உருவம் தெரிந்து, ஆனால் இன்னும் வெளியிடப்படாத புரதங்களின் வரிசையை மட்டும் கொடுப்பார்கள். விடை சீல் வைத்த கவரில் இருக்கிற மாதிரி. உருவத்தைக் கணித்துச் சொல்ல வேண்டும். பல வருடம் எல்லோரும் திணறினார்கள். 2018-இல் லண்டனைச் சேர்ந்த டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஃபோல்டு முதலிடத்துக்கு வந்தது. 2020-இல் அதன் இரண்டாம் வடிவம் பெரும்பாலான புரதங்களில் ஆய்வகத்துக்கு நெருக்கமான விடையைச் சொன்னது. 100-க்கு 90-க்கு மேல் மார்க்! 2022-இல் இருபது கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணித்த உருவங்களை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். 2024-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் ஒரு பாதி அந்த நிறுவனத்தின் டெமிஸ் ஹஸாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும். மறு பாதி, இயற்கையில் இல்லாத புதுப் புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கருக்கு.

எப்படிச் செய்கிறது? அதில் ஒரு பகுதியை மட்டும் நம் ஹாஸ்டல் பாஷையில் சொல்கிறேன். ஒருவன் அறை மாறினால் மறுவாரமே இன்னொருவனும் மாறுகிறான். வருடா வருடம் இப்படியே நடந்தால் வார்டனுக்கு என்ன புரியும்? இரண்டு பேரும் நெருக்கம் என்று புரியும். அதே மாதிரி, பல உயிரினங்களில் ஒரே புரதத்தின் வரிசைகளை அடுக்கிப் பார்க்கிறது. இந்த இடத்தில் அமிலம் மாறும்போதெல்லாம் அந்த இடத்திலும் மாறினால், உருவத்தில் அந்த இரண்டும் பக்கத்தில் இருக்கலாம் என்று ஊகிக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மகள் என் பழைய ஆய்வேட்டைத் தூசி தட்டி எடுத்தாள். அந்த மொச்சைப் புரதத்தின் வரிசையை யாரோ பின்னாளில் கண்டுபிடித்துப் பொதுத் தரவகத்தில் வைத்திருந்தார்கள். அதைக் கொடுத்தாள். நான் காபி குடித்து முடிப்பதற்குள் திரையில் உருவம் வந்துவிட்டது. "அப்பா, இதுதானே உங்க மொச்சை?" என்றாள்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்தது கோபம். ஆறு வருடம்! இருபத்தொன்று வயதில் தலை நரைத்த மாதிரி ஆகிவிட்டது. எழுந்து மாடிக்குப் போய்விட்டேன்.

இராத்திரி தூக்கம் வராமல் இறங்கி வந்து மறுபடி பார்த்தேன். அந்தப் படத்தில் நிறங்கள் உண்டு. எந்திரம் உறுதியாகச் சொல்லும் இடம் கரு நீலம். நம்பிக்கை மிகக் குறைவான இடம் ஆரஞ்சு. என் புரதம் முழுக்க நீலம், ஒரு நுனி மட்டும் ஆரஞ்சு வால். இப்படிப்பட்ட வால் பெரும்பாலும் நிலையான உருவமில்லாமல் ஆடிக்கொண்டிருக்கும். ஆடும் வால் இருந்தால் படிகம் வளர்வது கஷ்டம். என் துளிகளில் ஏன் ஒன்றுமே வரவில்லை என்பதற்கு முப்பத்தைந்து வருடம் கழித்து ஒரு காரணம் கிடைத்தது. இதுவும் ஊகம்தான். வாலை வெட்டிவிட்டு மறுபடி வளர்த்துப் பார்த்தால்தான் நிச்சயம். அதை எந்திரம் செய்யாது, ஒரு கை செய்ய வேண்டும்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. இந்த எந்திரம் எதைப் படித்துப் பாஸ் பண்ணியது? உலகத்து ஆய்வாளர்கள் பெரும்பாலும் படிகம் வளர்த்துக் கண்டுபிடித்துப் பொதுவில் வைத்த ஏறத்தாழ 1,70,000 உருவங்களைப் படித்து. அந்தத் தரவகம் 1971-இல் ஏழே ஏழு உருவங்களோடு தொடங்கியது. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் என்னைப் போல ஒருவர் மைக்ராஸ்கோப்பில் குனிந்து நின்றிருக்கிறார். அவர்கள் பூட்டி வைத்திருந்தால் எந்திரத்துக்குப் பாடப் புத்தகமே கிடையாது.

இனி மருத்துவம். அரிவாள் செல் சோகை என்ற நோய் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் நீலகிரி மலைவாழ் மக்களிடையே அது இருப்பது 1952-இல் தெரிய வந்தது. ஹீமோகுளோபின் சரத்தில் 146 பூக்கள். அதில் ஆறாவது பூ ஒன்று மாறியிருக்கிறது, அவ்வளவுதான். தனியாகப் பார்த்தால் அந்தப் புரதத்தின் உருவம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆனால் பிராணவாயுவை இறக்கிவிட்ட பிறகு அவை ஒன்றோடொன்று ஒட்டி நாராகின்றன, சிவப்பணு அரிவாள் மாதிரி வளைகிறது, குழந்தை வலியில் துடிக்கிறது. உருவப் படத்தை மட்டும் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது.

இது மூலக்கூறில் உள்ள நோய் என்று லைனஸ் பாலிங் குழு சொன்னது 1949-இல். எந்தப் பூ மாறியது என்று வெர்னன் இங்ரம் காட்டியது 1950-களின் நடுவில். நோயாளியின் இரத்த மூலச் செல்லை எடுத்து, கிரிஸ்பர் முறையில் மரபணுவைத் திருத்தித் திரும்பச் செலுத்தும் சிகிச்சைக்கு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது 2023-இல். இடையில் எழுபத்து நான்கு வருடம். அமெரிக்காவில் அதற்கு வைத்த விலை 22 லட்சம் டாலர். 2025-இல் ஓர் அமெரிக்கக் கைக்குழந்தையின் அரிய மரபணு நோய்க்கு, அந்த ஒரு குழந்தைக்கென்றே மரபணுத் திருத்த மருந்தை ஆறே மாதத்தில் தயாரித்துக் கொடுத்தார்கள். பெரிய சாதனை. ஆனால் நீலகிரியில் பஸ் போகாத ஒரு குடியிருப்பில் இருக்கும் குழந்தைக்கு அது எப்போது வரும்? முதலில் அந்தக் குழந்தைக்கு நோய் இருக்கிறதா என்று யாராவது மலையேறிப் போய் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டுமே.

இப்போது காலையில் கேட்ட பெண்ணுக்குப் பதில். அம்மா, எந்திரம் விடை சொல்லும், வேகமாகவே சொல்லும். அதைக் கற்றுக்கொள், பயப்படாதே. நாங்கள் ஆறு வருடம் நின்ற வாசலில் நீ நிற்க வேண்டியதில்லை, நேராக உள்ளே போகலாம். ஆனால் அந்த விடையில் எது நீலம், எது ஆரஞ்சு என்று பார்க்கத் தெரிய வேண்டும். ஆரஞ்சாக இருந்தால் லேபுக்குப் போய்ச் சோதிக்கத் தெரிய வேண்டும். உப்பைப் படிகம் என்று நம்பிக் காபி வாங்கிக் கொடுக்கும் ஏமாளித்தனம் எந்தக் கணினியாலும் தீராது. ஒழுங்காகக் கழுவிய பியூரெட்டால்தான் தீரும்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டறிக்கையில், பழைய வேதியியல் லேபை எடுத்துவிட்டு அங்கே ஏ.சி. போட்ட கணினி அறை கட்டலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. கணினி அறை வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் அந்த இடத்தில் வேண்டாம். அந்தக் கருங்கல் மேசைகள் இருக்கட்டும். வேறு இடம் பாருங்கள், என் பங்கை நான் தருகிறேன். அதோடு, லேபுக்கு மின்சாரம் போனாலும் தாங்கக்கூடிய ஒரு நல்ல குளிர்பெட்டியை என் செலவில் வாங்கித் தர உத்தேசம். ஏன் என்று உங்களுக்கே தெரியும்.