கழற்றி எடுக்க இயலாத கட்டடங்கள்



பண்டைய பண்ணை வீடுகளையும் கைவினைஞர் கூடங்களையும் காக்கும் திறந்தவெளி அருங்காட்சியகங்களைப் பற்றி ஆராயும் இக்கருத்தரங்கை, ஆலைகளும் துறைமுகங்களும் நெருங்கி நிற்கும் வடசென்னையில் கூட்டியிருப்பதை மிகவும் பொருத்தமான காரியமாகவே கருதுகிறேன்.

ஆலைத்தொழிலின் வேகத்தில் ஸ்வீடன் தேசத்துக் குடியானவர் வாழ்க்கை கண்ணெதிரே மறைவதைக் காணப் பொறாத ஆர்தர் ஹசேலியஸ், பல பாகங்களிலிருந்தும் பண்ணை வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து 1891-இல் ஸ்டாக்ஹோமில் 'ஸ்கான்சன்' காட்சியகத்தை நிறுவினார். நமக்கு அண்மையில் அதே சிரத்தையோடு எழுந்தது முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ரா. டெபோரா தியாகராஜன் 1984-இல் தொடங்கிய மெட்ராஸ் கிராப்ட் பவுண்டேஷன், கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் ஆலோசனையையும் பெற்று, 1996 டிசம்பரில் அதைத் திறந்தது. இடிபடவிருந்த வீடுகளை விலைக்கு வாங்கி, தூணுக்கும் உத்தரத்திற்கும் கதவுக்கும் எண்ணிட்டுக் கழற்றி, மரபுத் தச்சர்களையும் கொத்தர்களையும் கொண்டு மீண்டும் பூட்டிய அந்தப் பிரயத்தனத்தால்தான், செட்டிநாட்டு வணிகர் வீட்டு முற்றத்தையும் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் இல்லத்தின் மரச்சுவர்களையும் நம் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கிறார்கள்.

ஆயினும் இம்முறை தேக்கிற்கும் கல்லிற்கும் ஓட்டிற்கும் இசைந்தது. நமது கரைக்கு இதை அப்படியே கைக்கொள்ள இயலாது என்பதே என் அபிப்பிராயம். 1856-இல் திறந்த இராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களைக் காக்கப் பரிந்து பேசுவோர் உண்டு. கீற்றால் வேய்ந்த குப்பத்துக் குடிசைக்கு அத்தகைய ஆயுள் இல்லை. கீற்று மட்கியதும் புதிதாக வேய்வதே அதன் இயல்பு. கட்டுமரமோ கரை சேர்ந்ததும் கயிறு அவிழ்ந்து, தனித்தனிக் கட்டைகளாய் வெயிலில் உலர்ந்து, மறுநாள் மீண்டும் கட்டுமரமாவது. துறைமுகம் எழுமுன் அலையைக் கடந்து கப்பலுக்கு ஆளையும் சரக்கையும் கொண்டு சென்ற மசூலாப் படகு, பலகைகளை ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்யப்பட்டது. அதனாலேயே கரையில் மோதும்போது உடையாமல் வளைந்து கொடுத்தது. இவற்றைக் கண்ணாடிக்குள் வைத்தால் மரமும் கயிறும் மிஞ்சும். அவற்றைக் கட்டும் வித்தை மிஞ்சாது.

உப்பளத்தை எண்ணிப் பாருங்கள். கழிமுகத்து நீரைத் தேக்கி, வெயிலில் காய்ச்சி, அது தக்க கடுமை அடைந்த பின்னரே மிதித்து இறுக்கிய பாத்திகளுக்குத் திறந்துவிட்டு, உப்பு பூத்ததும் வாரி அம்பாரமாகக் குவிக்கும் அத்தொழிலுக்குச் சுவரும் கூரையும் இல்லை. வரப்பும் வாய்க்காலும் காற்றின் திசையுமே அதன் கட்டடம். 1806-இல் பேசில் காக்ரேன் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டுவித்து, பின்னர் பக்கிங்காம் என்று பெயர் பெற்ற கால்வாயில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் நகரத்தை நோக்கி நகர்ந்த காலம் ஒன்று உண்டு. இன்று அனல் மின்நிலையச் சாம்பல் கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் படிகிறது. அளங்களாயிருந்த நிலங்களில் பெருந்தொழில்கள் நிற்கின்றன. எண்ணூர் உப்பளத்தை முட்டுக்காட்டுக்குப் பெயர்த்துச் செல்ல எந்தத் தச்சராலும் முடியாது. ஆகையால் எஞ்சிய அளத்தில் ஒரு பகுதியையேனும் தொழில் நடக்கும் நிலையிலேயே காத்து, அங்கேயே அருங்காட்சியகம் அமைப்பதுதான் வழி.

இங்கே நியாயமான ஆட்சேபம் ஒன்று எழும்: ஏழையின் குடிசையைப் போற்றுகிறோம் என்று சொல்லி ஏழையைக் குடிசையிலேயே இருத்துவதா? ஒருக்காலும் கூடாது. குப்பத்து மக்கள் புயலுக்கு அஞ்சாத கான்கிரீட் வீடு கேட்கிறார்கள். அது அவர்களது உரிமை. நாம் காக்க வேண்டியது அவர்களது வறுமையை அல்ல, கீற்று முடையும், கயிறு பிணைக்கும், உப்பின் பக்குவம் அறியும் ஞானத்தை. அந்த ஞானமுடைய முதியவர்களை வேடிக்கைக்கு உட்கார்த்தி வைக்காமல், ஆசிரியர்களாக அமர்த்தி, ஆசிரியருக்குரிய ஊதியம் கொடுத்து, அவர்களது குப்பத்து இளைஞர்களுக்கே முதலில் கற்பிக்கச் செய்ய வேண்டும்.

ஆதலால் இந்த அவை கலைவதற்குள் ஒரு தீர்மானம் நிறைவேற வேண்டுமென்று விண்ணப்பித்துக்கொள்கிறேன். இனி எந்தக் குப்பத்தை, எந்த அளத்தை அகற்றுவதானாலும், அதற்கு முன் அதன் அளவுகளும் தொழில் முறையும், தொழிலாளர் வழங்கும் சொற்களும் அவர்கள் வாய்மொழியாகவே பதிவாக வேண்டும். அப்பதிவின் ஒரு பிரதி அந்த ஊராரிடமே இருக்க வேண்டும். எண்ணூர்க் கரையிலிருந்து வந்திருக்கும் பெரியவர்கள் இன்றைய முதல் அமர்வில் பேசவிருக்கிறார்கள். கட்டுரையாளர்கள் அவர்களுக்குப் பின்னர் பேசுவார்களாக.