பல்கலைக்கழக அரங்கிலே ஒரு மாலை



நாடகக் கலையைப் பாடமாகக் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் நம் நாட்டில் பல உள்ளன. கொல்கத்தாவில் ரவீந்திர பாரதி, சண்டிகரில் பஞ்சாப் பல்கலைக்கழகம், வடோதராவில் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகம், ஹைதராபாத் பல்கலைக்கழகம், திருச்சூரில் 1977-இல் தொடங்கிய கோழிக்கோடு பல்கலைக்கழக நாடகப் பள்ளி என்று அந்த வரிசை நீளும். நாடகப் பருவம் தொடங்குமுன் இத்தகைய இடங்களில் ஓர் அறிவிப்புத் தாள் ஒட்டப்படும். இன்ன நாள், இன்ன நாடகம், இன்ன மொழி என்று அதில் கண்டிருக்கும். அயல் மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர்களாகிய நாம் அந்தத் தாளின் முன் நிற்பதில்லை. பொங்கலுக்குத் தமிழ்ச் சங்கத்து நாடகம், ஓய்வு நாளில் திரைப்படம் என்பதோடு நம் கலைத் தேட்டம் நிறைவு பெற்றுவிடுகிறது. வரவிருக்கும் பருவத்தில் ஒரு மாலையேனும் நாம் அந்த அரங்குகளிலே சென்று அமர வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் கருத்து.

மாணவர் அரங்கத்திற்கு ஒரு தனித் தன்மை உண்டு. தொழில் நடத்தும் நாடகக் குழு வசூலை எண்ணியே நாடகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. கற்பிக்கும் அரங்கமோ பயிற்சியை எண்ணித் தேர்ந்தெடுக்கிறது. ஆகவே காளிதாசனும் ஷேக்ஸ்பியரும், நாட்டுக்கூத்தின் வழிவந்த இசை நாடகமும், நேற்று எழுதிய புது நாடகமும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து இடம்பெறக் கூடும். அரசனாக நடிக்கும் இளைஞனே மறுவாரம் திரைக்குப் பின்னால் ஆணி அடிப்பான். அரசியாக நடித்த பெண் விளக்குகளை இயக்குவாள். நுழைவுக் கட்டணம் பல இடங்களில் இல்லை. இருந்தாலும் சிறு தொகைதான்.

“மொழி முழுதும் விளங்காதே” என்று நம்மவர் தயங்குவது உண்டு. இத்தகையோர் இசை நாடகத்திலிருந்து தொடங்கலாம். 1954-ஆம் ஆண்டில் தில்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் மாணவர்களையும் அருகிலுள்ள ஓக்லா கிராமத்து மக்களையும் சேர்த்து ஹபீப் தன்வீர் ‘ஆக்ரா பஜார்’ என்னும் நாடகத்தை மேடையேற்றினார். கடைத்தெருவில் ஒருவன் வெள்ளரிக்காய் விற்கிறான், வாங்குவார் இல்லை. தன் சரக்கைப் பற்றி யாரேனும் ஒரு பாட்டு எழுதித் தந்தால் விற்றுவிடுமே என்று புலவர்களிடம் கெஞ்சுகிறான். அவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். கடைசியில் நஜீர் அக்பராபாதி என்னும் மக்கள் கவிஞரின் பாட்டு அவனுக்குக் கிடைக்கிறது, வியாபாரமும் நடக்கிறது. அந்த நஜீர் நாடகத்தில் ஒரு முறையேனும் மேடைக்கு வருவதில்லை. அவருடைய பாட்டுகள் மட்டுமே வருகின்றன. கூவி விற்பவனின் குரலைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்த நமக்கு, இதைச் சுவைக்க உருதுப் புலமை வேண்டுமா?

நாடகத்தில் மொழி தனியே நிற்பதில்லை. உடலும் குரலும் ஒளியும் அதற்குத் துணை நிற்கின்றன. அலுவலகத்தில் சுற்றறிக்கைகளை மொழிபெயர்ப்பதே நம் தொழில். அங்கே ஒரு சொல் விளங்காவிட்டால் படிப்பவர் ஏட்டைத் திருப்பிப் பார்க்கலாம். மேடையிலே அதற்கு வழியில்லை. சொன்ன கணத்திலேயே சொல் செவியில் ஏற வேண்டும். கிரீஷ் கர்னாடு 1964-இல் கன்னடத்தில் வெளியிட்ட ‘துக்ளக்’ நாடகத்தை ப. வ. காரந்த் இந்துஸ்தானியில் ஆக்கித் தந்தார். எப்ராஹிம் அல்காஜி அதைத் தில்லி பழைய கோட்டையின் இடிபாடுகளுக்கு நடுவே நடத்திக் காட்டினார். காரந்தும் நம்மைப் போல் ஊரை விட்டு வந்தவரே. சிறுவனாக வீட்டை விட்டு ஓடிக் குப்பி வீரண்ணாவின் நாடகக் குழுவில் சேர்ந்தார். வீரண்ணா அவரைக் காசிக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். பின்னாளில் அவர் தேசிய நாடகப் பள்ளியின் இயக்குநர் ஆனார். 1979-இல் ஷேக்ஸ்பியரின் ‘மெக்பெத்’ நாடகத்தை இந்தியில் நடத்தியபோது, தம் ஊர் யட்சகானத்தின் அடவுகளை அதற்குத் தந்தார். வந்த இடத்து மொழியைக் கற்றதனால் அவர் சொந்த ஊரை இழந்துவிடவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்கால மாலையில் மாணவர்கள் நடித்த ‘துக்ளக்’ நாடகத்தைக் காணச் சென்றிருந்தோம். நமக்கு முன்வரிசையில் ஒரு தமிழர் தம் மகளோடு அமர்ந்திருந்தார். மகளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கலாம். வீட்டில் தமிழில் கேட்டால் இந்தியில் விடை சொல்லும் பிள்ளைகளில் அவளும் ஒருத்தி என்பது அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது. முதற் காட்சியில், சுல்தான் மீதே வழக்குத் தொடுத்த ஒரு பிராமணன் வெற்றி பெறுகிறான். “இன்சாஃப் என்றால் என்னம்மா?” என்று தந்தை மெல்லக் கேட்டார். சிறுமி சற்றே தடுமாறி, “நியாயம் அப்பா” என்றாள். சிறிது நேரத்தில் அந்தப் பிராமணன் அஜீஸ் என்னும் சலவைத் தொழிலாளி என்பதும், அவன் தொடுத்த வழக்கே ஒரு சூழ்ச்சி என்பதும் வெளியாயின. உடனே அவள் தந்தையின் தோளைத் தொட்டாள். “அப்பா, நான் சொன்னது தப்பு. அவனுக்குக் கிடைத்தது தீர்ப்பு; நியாயம் இல்லை” என்றாள்.

இருபது ஆண்டுகள் மொழிபெயர்ப்புத் துறையில் இருந்த நாம் அந்த இருட்டில் வியந்து போனோம். அகராதியை எடுத்துக் கொடுத்து “படி” என்று அதட்டியிருந்தால் அந்தச் சிறுமி அந்த வேறுபாட்டைத் தேடியிருப்பாளா? தந்தைக்கு அவள் தேவைப்பட்டாள். அவளுக்குத் தமிழ் தேவைப்பட்டது. பிள்ளைகளின் தமிழ் தேய்கிறதே என்று நாம் வருந்துகிறோம். அத்தமிழுக்கு வீட்டில் நாம் என்ன வேலை கொடுத்தோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்தப் போக்குவரத்து ஒருவழிப் பாதையும் அன்று. தில்லிப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் தமிழ் கற்பித்த இந்திரா பார்த்தசாரதி, தில்லியின் வரலாற்றையே கருவாக்கி ‘ஔரங்கசீப்’ என்னும் நாடகத்தைத் தமிழில் எழுதினார். பின்பு புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரால் அமைந்த நாடகப் பள்ளியை உருவாக்கும் பொறுப்பை ஏற்றார். குடியேறிய ஊரைக் கண் திறந்து பார்த்ததனால் தமிழுக்கு ஒரு நாடகம் கிடைத்தது.

ஆகவே நேயர்களே, உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறை உண்டா என்று கேட்டறியுங்கள். இல்லையெனில் கல்லூரி மாணவர்களின் நாடக மன்றமேனும் இருக்கும். பட்டியலைப் பார்த்து, கதையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு செல்லுங்கள். முன்வரிசையில் அமருங்கள். பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்ல மறவாதீர்கள். விளங்காத சொல் வரும்போது வெட்கப்படாமல் அவர்களிடமே கேளுங்கள். அவர்கள் தமிழில் விடை தேடும் வரையில் பொறுத்திருங்கள்.