கணினி வாங்கும்போது கவனிக்க வேண்டியவை



செம்பனைத் தோட்டமொன்றில் வேலை செய்யும் கணவன் மனைவி இருவர், 2025-ஆம் ஆண்டுக் கடைசியில் ஒரு கணினிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். எஸ்.பி.எம். எழுதப் போகும் மகளுக்காகப் பட்டணத்துக் கடையொன்றில் பழைய சாமானாக வாங்கியது. "ஐ7 என்று சொன்னார்கள், ஐயா. ஐ3-ஐ விடப் பெரியது என்றார்கள். ஆனால் புதிய விண்டோஸ் ஏறமாட்டேன் என்கிறதே" என்றார் கணவர்.

திறந்து பார்த்தேன். ஐ7-தான், கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் செயலியின் முழுப் பெயர் ஐ7-4770. அந்த 4770-இல் முதலில் நிற்கும் 4 என்ற இலக்கம், அது நான்காம் தலைமுறை என்று சொல்கிறது. வெளிவந்த ஆண்டு 2013. விண்டோஸ் 11, இன்டெல் செயலிகளில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ளவற்றைப் பொதுவாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைக்குள் தம்பி, அண்ணன், பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைமுறை மாறினால் இந்தக் கணக்கு செல்லாது. 2022-இல் வந்த ஐ3-12100 என்னும் பன்னிரண்டாம் தலைமுறைத் தம்பி, அந்த 2013-ஆம் ஆண்டுப் பெரியண்ணனைத் தாராளமாக முந்திவிடுவான். ஆகவே கடையில் "ஐ7-ஆ?" என்று கேட்காதீர்கள். முழு எண்ணையும் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எண்ணுக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து இருந்தால் இன்னொரு செலவு காத்திருக்கிறது: திரையில் படம் காட்டும் பகுதி அந்தச் செயலியில் இல்லை, அதற்குத் தனி அட்டை வாங்க வேண்டும்.

(இன்டெல் நிறுவனம் 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாசில் ஆலை திறந்தது. நம் நாட்டுப் பெண்களின் கைபட்ட சாமான்தான் இது, அந்நியமானதன்று.)

"அப்படியானால் செயலியை மட்டும் மாற்றித் தந்துவிடுங்களேன்" என்றார் அந்த அம்மா. நியாயமான கேள்விதான். ஆனால் அங்கேதான் தாய்ப்பலகை, அதாவது மதர்போர்டு, குறுக்கே வருகிறது. செயலி உட்காரும் குழி அந்தப் பலகையில்தான் இருக்கிறது. 4770 உட்காரும் குழியில் பன்னிரண்டாம் தலைமுறைச் செயலி உட்காராது. பலகையை மாற்றினால் நினைவகத் தகடும் மாற வேண்டும், பழையது டி.டி.ஆர்.3, புதிய பலகைக்கு டி.டி.ஆர்.4 அல்லது 5. ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையவே நுழையாது.

குழி ஒன்றாகத் தெரிந்தாலும் ஏமாறலாம். இன்டெலின் 1151 என்ற குழி இரு வகைப் பலகைகளில் வந்தது. ஆறு, ஏழாம் தலைமுறைக்கு ஒன்று. எட்டு, ஒன்பதாம் தலைமுறைக்கு இன்னொன்று. பெயர் ஒன்று, பொருத்தம் வேறு. ஏ.எம்.டி. செயலி என்றால் ஏ.எம்.4, ஏ.எம்.5 என்ற குழிப் பெயரைக் கேளுங்கள். ஏ.எம்.5 பலகை டி.டி.ஆர்.5 நினைவகத்தை மட்டுமே ஏற்கும். எந்தப் பலகையாக இருந்தாலும், அது எந்தெந்தச் செயலிகளை ஏற்கும் என்ற பட்டியலை அதன் தயாரிப்பாளரே வெளியிடுகிறார். கடைக்காரரையே கைப்பேசியில் அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

பழைய பலகை வாங்குகிறவர்கள் ஒரு டார்ச் விளக்கு கொண்டு போவது நல்லது. பலகைமேல் சிறு டின்களைப் போல நிற்கும் மின்தேக்கிகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியோ, பழுப்பு நீர் கசிந்தோ இருந்தால் வேண்டாம். 2000-ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் செய்யப்பட்ட எத்தனையோ பலகைகள் இப்படித்தான் கெட்டன.

அந்தக் குடும்பத்துக்கு ஐ3-12100-உம், எச்610 பலகையும், 8 ஜிகாபைட் நினைவகமும் போதுமானதாக இருந்தன. பெட்டியும் திரையும் பழையவையே. ஐ7 என்ற பெயருக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான், ரசீது வாங்கியிருக்கவில்லை.

ரசீதில் செயலியின் எண்ணும் பலகையின் பெயரும் இருக்கட்டும். தகராறு வந்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி நீங்களே மனுச் செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை. புதிதாகப் பெட்டியோடு வாங்கும் செயலிக்குப் பொதுவாக மூன்றாண்டு உத்தரவாதம் உண்டு. பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள்.

இத்தனையும் பார்த்து வாங்கிய பலகையை ஒரு மாலை நேரத்து இடி தீர்த்துவிடும். விசையை அணைத்தால் மட்டும் போதாது. மழை கருக்கும்போதே மின்செருகியைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். இணையக் கம்பியையும் பிடுங்குங்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும்.