எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?



தேர்தல் என்றாலே நம் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான். "யாருக்குப் போட்டு என்ன ஆகப் போகிறது? எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. பல ஆண்டுகளாக நம்மில் பெரும்பாலோர் ம.இ.கா.வையும் தேசிய முன்னணியையும் நம்பினோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது லயத்தை விட்டு வெளியேறியவர்கள் நாம்தான். 2007 நவம்பர் 25இல் கோலாலம்பூர் வீதியில் இறங்கினோம். 2008 மார்ச் 8இல் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. சுங்கை சிப்புட்டில் சாமிவேலு தோற்றார். 2018இல் ஆட்சியே மாறியது. 2020இல் அந்த ஆட்சியும் கவிழ்ந்தது. 2022 தேர்தலுக்குப் பிறகு, அதுவரை எதிரிகளாக இருந்தவர்கள் ஒன்றாக அமர்ந்து அரசாங்கம் அமைத்தார்கள். இத்தனைக்கும் பிறகு, பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையும் சிவப்பு ஐ.சி. வைத்திருக்கும் பாட்டியும் நம்மிடையே இருக்கிறார்கள்!

கோபம் வரத்தான் செய்யும். அதற்காக வீட்டிலேயே இருந்துவிடலாமா? சீட்டைக் கெடுத்துப் போடலாமா? நம் நாட்டு வாக்குச்சீட்டில் 'யாரும் வேண்டாம்' என்று ஒரு கட்டம் கிடையாது. கெட்ட சீட்டை ஒதுக்கிவிட்டு மீதியைத்தான் கணக்கில் எடுப்பார்கள். மற்றவரைவிட ஓர் ஓட்டு கூடுதலாக வாங்கியவர் ஒய்.பி. ஆகிவிடுவார். உங்கள் கோபம் அவர் காதில் விழாது.

நாட்டில் உள்ள 222 நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒன்றில்கூட நாம் பெரும்பான்மை இல்லை. ஆனால் கேமரன் மலையைப் பாருங்கள். 2013இல் வெற்றி வித்தியாசம் 462 ஓட்டு. 2018இல் 597. 2022இல் பாகான் டத்தோவில் வெறும் 348! அங்கே 175 பேர் மாற்றிப் போட்டிருந்தால் முடிவே மாறியிருக்கும். கோயில் திருவிழாவுக்கு நான்கு பஸ் பிடித்துப் போகிறோமே, அவ்வளவு பேர்தான்.

ஓட்டு என்பது தாலி அல்ல, ஐந்தாண்டு கொந்தராக்கு. ஆளைப் பிடித்திருக்கிறதா என்று பார்க்காதீர்கள். யாரிடம் வேலை வாங்க முடியும் என்று பாருங்கள். போடுவதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள்.

முதலாவது, உங்கள் தொகுதியில் போன தேர்தலில் எத்தனை ஓட்டில் வென்றார்கள் என்று விசாரியுங்கள். வித்தியாசம் குறைவு என்றால், வெல்லக்கூடியவர்களில் நமக்கு அதிகக் கெடுதல் செய்யக்கூடியவர் எவரோ, அவரைத் தடுக்கும் பக்கம் போடுங்கள். ஒருவர் எப்படியும் பல ஆயிரத்தில் வெல்லும் தொகுதி என்றால், நமக்காக உழைக்கும் சிறிய கட்சிக்கோ சுயேச்சைக்கோ போடலாம். அங்கே குறையும் ஒவ்வோர் ஓட்டும் பெரிய கட்சிக்கு எச்சரிக்கை.

இரண்டாவது, நாடாளுமன்றச் சீட்டு வேறு, சட்டமன்றச் சீட்டு வேறு. இரண்டையும் ஒரே கட்சிக்குப் போட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. குடியுரிமை மத்திய அரசின் கையில். நிலம் மாநிலத்தின் கையில். எந்தக் கதவை யார் திறப்பார் என்று பார்த்துப் போடுங்கள். 2022இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் தனி உறுப்பினரைத்தான் கட்டுப்படுத்துகிறது. கட்சி முழுவதும் கூட்டணி மாறினால் அது தடுக்காது. ஆகவே ஆளோடு கட்சியையும் பாருங்கள்.

மூன்றாவது, கேட்பதை ஓட்டுக்கு முன் கேளுங்கள். எழுத்தில், தேதியோடு கேளுங்கள். ஆனால் கையெழுத்து மட்டும் போதாது. 2013இல் ஹிண்ட்ராஃபின் ஒரு பிரிவு தேசிய முன்னணியோடு ஒப்பந்தம் போட்டது. அதன் தலைவர் வேதமூர்த்தி துணை அமைச்சரானார். வாக்குறுதி நிறைவேறவில்லை என்று 2014இல் பதவி விலகினார். ஆறு கடக்கும்வரைதான் அண்ணன் தம்பி! ஆகவே தேர்தல் முடிந்த மறுமாதமே அந்தக் கடிதத்தோடு பத்துக் குடும்பமாகச் சேவை மையத்துக்குப் போங்கள். போய்க்கொண்டே இருங்கள்.

ஒன்று மறக்காதீர்கள். ஓட்டுக்குப் பணம் கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். 2018 கேமரன் மலைத் தேர்தல் வாக்காளருக்குப் பணம் கொடுத்ததால்தான் நீதிமன்றத்தில் செல்லாமல் போனது. ஓர் அரிசி மூட்டை ஒரு மாதம்கூட வராது. அதற்கு நாம் கொடுக்கும் விலையோ ஐந்து வருடம்.

நல்ல கொள்ளி எது என்று தேடிக்கொண்டே இருந்தால் வீடு எரிந்துவிடும். எது நம் கூரைக்கு அருகில் இருக்கிறதோ அதை முதலில் அணைப்போம்.