துப்பாக்கி எடுப்பவருக்குப் பரீட்சை வேண்டுமா?

விளைஞ்ச சோளக்காட்டிலோ கடலைக்காட்டிலோ காட்டு மிருகம் புகுந்தால் என்ன மிஞ்சும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பரண் கட்டி, தகரம் தட்டி, ராத்தூக்கம் கெட்டவர்கள் நீங்கள். இதே தொல்லை பிரிட்டன் நாட்டு விவசாயிக்கும் இருக்கிறது. அங்கே பெரிய தலைவலி மான். அந்த மானைச் சுடுகிறவருக்குப் பரீட்சை வைக்கலாமா, கூடாதா என்று அங்கே ரொம்ப நாளாக ஒரு வாக்குவாதம் நடக்கிறது. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். நமக்கும் அதில் சேதி இருக்கிறது.

பிரிட்டனில் ஆறு வகை மான்கள் உண்டு. அவற்றில் செம்மான், ரோ மான் இரண்டும் அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவை. மற்றவை வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 20 லட்சம் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். ஏன் இவ்வளவு பெருகியது? அங்கே இருந்த ஓநாயை நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒழித்துவிட்டார்கள். மானை அடிக்க மிருகம் இல்லை. அதனால் அது இளங்கன்றுகளின் குருத்தைக் கடிக்கிறது, மரப்பட்டையை உரிக்கிறது, கோதுமையில் இறங்குகிறது. ராத்திரியில் சாலையில் குறுக்கே பாய்ந்து காரிலும் மோதுகிறது. ஆகவே மனிதன்தான் கணக்குப் பார்த்துக் குறைக்க வேண்டியிருக்கிறது.

யார் சுடுகிறார்கள்? சம்பளத்துக்கு வேலை செய்கிற வேட்டைக்காரர்கள் ஒரு பக்கம். பொழுதுபோக்காகச் சுடுகிறவர்கள் இன்னொரு பக்கம். இவர்கள் ஊரில் வேறு தொழில் செய்கிறவர்கள். லீவு நாளில் நிலக்காரரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, ரைபிளோடு, காற்றுவாக்குப் பார்த்துப் பதுங்கிப் பதுங்கிப் போய் மானைச் சுடுவார்கள். இதற்கு 'ஸ்டாக்கிங்' என்று பெயர். ஸ்காட்லாந்தின் பெரிய பண்ணைகளில் விருந்தாளியாகப் போனால், கூடவே அனுபவசாலி ஒருவர் வருவார். எந்த மானைச் சுடலாம், எப்போது சுடலாம் என்று அவர் சொல்லுவார். தனியாகப் போகிறவரைப் பற்றித்தான் கேள்வி.

அங்கே ரைபிள் வைத்துக்கொள்ளப் போலீஸ் அனுமதி வேண்டும். ஆள் எப்படிப்பட்டவர், துப்பாக்கி எதற்கு, எங்கே பூட்டி வைப்பார் என்றெல்லாம் விசாரிப்பார்கள். ஆனால் மானைச் சுடுகிற ஒவ்வொருவரும் இன்ன பரீட்சை தேறியிருக்க வேண்டும் என்று இங்கிலாந்துச் சட்டம் கேட்கவில்லை. விருப்பப்பட்டவர்கள் எழுத ஒரு பரீட்சை உண்டு. மான் வகைகளை அடையாளம் காண்பது, சட்டம், பாதுகாப்பு, இறைச்சிச் சுத்தம் இவற்றில் கேள்வி கேட்பார்கள். மான் உருவம் வரைந்த பலகையைச் சுட்டும் காட்ட வேண்டும். பலர் தாமாகவே போய் எழுதுகிறார்கள். எழுதாதவரையும் சட்டம் தடுப்பதில்லை.

இதில் ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். சுட்ட மானை இறைச்சிக் கூடத்துக்கு விற்க வேண்டுமானால், பயிற்சி பெற்ற ஒருவர் அதைப் பரிசோதித்து, நோய் இல்லை என்று சொல்ல வேண்டும். 2006 முதல் ஐரோப்பிய நாடுகளில் வந்த விதி இது. செத்த மானைப் பார்ப்பதற்குப் பயிற்சி வேண்டும்; உயிரோடு இருக்கிற மானைச் சுடுவதற்கு வேண்டாம். இது நியாயமா?

மற்ற நாடுகளில் எப்படி? ஜெர்மனியில் வேட்டை லைசென்ஸ் வாங்க எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, சுடும் தேர்வு மூன்றும் தேற வேண்டும். ரொம்பக் கடினம் என்பதால் அதைப் 'பச்சைப் பள்ளியிறுதிப் பரீட்சை' என்று கேலியாகச் சொல்லுவார்கள். நார்வேயில் புதிதாக வேட்டைக்கு வருகிறவர்களுக்கு 1986 முதல் பரீட்சை கட்டாயம். அது போதாதென்று, மான் போன்ற பெரிய மிருகங்களை ரைபிளால் சுடுகிறவர் வருஷா வருஷம் சுட்டுக் காட்ட வேண்டும். 100 மீட்டர் தூரத்தில், 30 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டத்துக்குள் 5 குண்டும் விழ வேண்டும். ஒன்று தவறினாலும் தேறவில்லை என்றுதான் அர்த்தம். போன வருஷம் நன்றாகச் சுட்டேன் என்ற பேச்சு அங்கே எடுபடாது.

சரி, பரீட்சை வேண்டாம் என்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? அதையும் கேட்க வேண்டும் இல்லீங்களா?

முதலாவது, நாற்பது வருஷம் மலையில் நடந்து பழகினவருக்கு இனிமேல் காகிதம் எதற்கு என்கிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நாமும்தான் சொல்கிறோம். இரண்டாவது செலவு. பரீட்சைக் கட்டணம், போக்குவரத்து, லீவு எல்லாம் சேர்ந்தால் வசதியுள்ளவன் மட்டும் வருவான், சின்ன விவசாயி ஒதுங்கிவிடுவான். மூன்றாவது, மான் பெருகிக்கொண்டே போகிற காலத்தில் சுடுகிற ஆட்களைக் குறைத்தால் பயிருக்குத்தானே நஷ்டம் என்கிறார்கள். மூன்றும் தள்ளிவிடக்கூடிய பேச்சு அல்ல.

ஆனால் குண்டு தவறினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். மானின் நெஞ்சுக்கூட்டில், இருதயமும் நுரையீரலும் இருக்கிற இடத்தில் குண்டு பட்டால் சீக்கிரம் உயிர் போய்விடும். ஒரு முழம் பின்னால் வயிற்றில் பட்டால் மான் விழாது, ஓடும். புதருக்குள் படுத்து, மணிக்கணக்கில் துடித்துத்தான் சாகும். வயிற்றில் உள்ளது கலந்து இறைச்சியும் கெட்டுப்போகும். பால் குடிக்கிற குட்டி இருப்பது தெரியாமல் தாயைச் சுட்டால் குட்டி பசியிலேயே சாகும். அதற்காகத்தான் பெண் மானைச் சுடக்கூடாத மாதங்களைச் சட்டம் குறித்து வைத்திருக்கிறது. ஆணா பெண்ணா, எந்த வகை என்று கண்டுபிடிக்கத் தெரியாதவருக்கு அந்தச் சட்டம் இருந்தும் பயன் இல்லை.

மனிதருக்கும் ஆபத்து இருக்கிறது. ரைபிள் குண்டு ஒரு மைலுக்கு மேலேயும் போகும். மானுக்குப் பின்னால் குண்டை வாங்கிக்கொள்ள மண்மேடு இருக்கிறதா என்று பார்த்துத்தான் சுட வேண்டும். மேட்டு வரப்பில் நிற்கிற மானுக்குப் பின்னால் வெறும் வானம் தெரிந்தால் சுடவே கூடாது. அந்தப் பக்கம் யார் வீட்டு வாசல் இருக்கிறதோ யாருக்குத் தெரியும்?

ஆகவே என் கருத்து இது. பரீட்சை வேண்டும். சம்பளத்துக்குச் சுட்டாலும் சந்தோஷத்துக்குச் சுட்டாலும் மானுக்கு வலி ஒன்றுதான். ஆனால் அந்தப் பரீட்சை பேனாவைச் சோதிப்பதைவிடக் கையையும் கண்ணையும் அதிகம் சோதிக்க வேண்டும். பக்கத்து ஊரிலேயே, குறைந்த கட்டணத்தில் நடக்க வேண்டும். நாற்பது வருஷ அனுபவசாலி வகுப்பில் போய் உட்கார வேண்டாம். ஆனால் பலகையில் நாலு குண்டு சுட்டுக் காட்டட்டும். உண்மையான கைகாரருக்கு அது கால்மணி நேர வேலை.

பழைய ஆட்களுக்கு வழிவிட்டு விதியைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டால், பிரிட்டனிலேயே உதாரணம் இருக்கிறது. பூச்சிமருந்து தெளிக்க அங்கே சர்டிபிகேட் வேண்டும். 1964-ஆம் ஆண்டு முடிவதற்கு முன் பிறந்தவர்கள் சொந்த நிலத்திலோ முதலாளியின் நிலத்திலோ தெளிக்க மட்டும் விலக்குக் கொடுத்திருந்தார்கள். 2015 நவம்பரில் அந்த விலக்கும் முடிந்தது. அதனால் விவசாயம் நின்றுபோய்விடவில்லை. மான் விஷயத்திலும் ஸ்காட்லாந்தில் அரசு அமைத்த ஒரு குழு 2020-இல் 99 பரிந்துரைகளைக் கொடுத்தது. சுடுகிறவருக்குத் திறமை இருக்க வேண்டும் என்ற பேச்சு அதற்குப் பிறகு இன்னும் வலுத்தது.

இதில் நமக்கு என்ன என்று கேட்பீர்கள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொழுதுபோக்குக்காக மானைச் சுடுவது குற்றம். அதில் மாற்றுப்பேச்சு இல்லை. ஆனால் காட்டுப்பன்றி விஷயம் நம் வரப்புக்கே வந்துவிட்டது. கேரளத்தில் 2022-இல், பயிரை அழிக்கிற பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தார்கள். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களை வைத்துச் சுடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2025-இல், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றியை வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள் சுடலாம் என்று அரசு முடிவு செய்தது.

துப்பாக்கி லைசென்ஸ் என்பது துப்பாக்கியை வைத்துக்கொள்ளக் கொடுத்த அனுமதி. அவர் குறி தப்பாமல் சுடுவார் என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. ராத்திரியில், பரணில் ஆள் படுத்திருக்கிற ஊரில், காயம்பட்ட பன்றி ஒன்று கரும்புக்குள் புகுந்துகொண்டால் விடிந்ததும் அறுப்புக்குப் போகிறவர்கள் நம் வீட்டுப் பெண்கள்தானே?

ஆகவே கிராமசபையில் பன்றித் தொல்லையைப் பற்றிப் பேசும்போது, சுட வேண்டும் என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். யார் சுடப்போகிறார்கள், அவர் எங்கே பழகினவர், அடிபட்டு ஓடுகிற மிருகத்தைத் தேடிப்பிடிக்கிற பொறுப்பு யாருடையது என்று மூன்றையும் கேளுங்கள். மனு எழுதினால் இந்த மூன்றையும் அதில் சேர்த்து எழுதுங்கள். அதுவரைக்கும் கோபத்தில் திருட்டு மின்வேலி போடுவதோ, அவுட்டுக்காய் வைப்பதோ வேண்டாம். அதில் பன்றி மட்டும் சாவதில்லை. பக்கத்துக்காட்டுக்காரரின் மாடும் சாகும், தண்ணீர் பாய்ச்சப் போன மகனும் சாவான்.

பயிரைக் காப்பது நம் உரிமை. அதற்காக ஒரு உயிரை எடுக்கத்தான் வேண்டும் என்றால், எடுக்கத் தெரிந்த கையால், ஒரே நொடியில், வேறு யாருக்கும் ஆபத்தில்லாமல் எடுக்க வேண்டும். அந்தக் கை தெரிந்த கைதானா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.