வள்ளத்து இயந்திரமும் வணரித்தண்டும்



கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்கரையிலே, பெருங்கடலை நோக்கியவாறு அமைந்துள்ளது கண்டக்குழி. தென்மேற்குப் பருவக்காற்றின் கொந்தளிப்பு அடங்கியதும், விடியுமுன்னரே அங்கிருந்து படகுகள் புறப்படும். பாயை நம்பிக் கடலோடிய காலம் கழிந்துவிட்டது. இன்று கண்ணாடிநார்ப் படகின் பின்புறத்தே பூட்டிய சிறிய இயந்திரத்தை நம்பியே குடும்பங்கள் வாழ்கின்றன.

அவ்வூர் மாணவன் ஒருவன் பத்து நாட்களாகப் பள்ளிக்கு வரவில்லை. காரணம் அறிய அவன் வீட்டுக்குச் சென்றேன். முற்றத்திலே இயந்திரம் பிரிக்கப்பட்டுக் கிடந்தது. "நடுக்கடலிலே இறுகி நின்றுவிட்டது, ஐயா. மறுநாள் வேறொரு படகுதான் எங்களை இழுத்து வந்தது. புதிது வாங்கப் பெண்சாதியின் தாலிக்கொடியையும் அடகு வைக்க வேண்டும்" என்றார் தந்தை. பையன் கூலிவேலைக்குப் போயிருந்தான்.

நான் கலைப் பட்டதாரி. இயந்திர நூல் கற்றவனல்லேன். ஆயினும், அன்று மாலை முதிய இயந்திரத் தொழிலாளி ஒருவர் அதனைச் சோதித்தபோது அருகிலிருந்து கேட்டறிந்ததை உங்களுக்குக் கூறுகின்றேன்.

உருளையினுள்ளே முசலம் மேலும் கீழுமாகவே ஓடும். விசிறியோ சுழல வேண்டும். நேரோட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவதே வணரித்தண்டு. பட்டறையிலே இதனைக் 'கிராங்க்' என்பர். ஆட்டுக்கல்லைக் கைப்பிடி சுழற்றுவது போன்றதே இதன் தத்துவம். இங்கிலாந்திலே 1780ஆம் ஆண்டு ஜேம்ஸ் பிக்கார்டு என்பவர் நீராவி இயந்திரத்தில் வணரியைப் பயன்படுத்தும் உரிமையைப் பதிந்துகொண்டமையால், ஜேம்ஸ் வாட் பல்சக்கரங்களைக் கொண்டு வேறொரு வழி காண நேர்ந்தது. அத்துணை மதிப்புடையது இவ்வுறுப்பு.

நிமிடத்துக்கு 5,000 சுற்றுச் சுழலும்போது, முசலம் ஒரு வினாடியில் எண்பது தடவைக்கு மேல் ஏறி இறங்குகின்றது. அவ்வளவு விசையையும் தாங்குவன இணைக்கும் தண்டின் அடியிலுள்ள ஊசி போன்ற மெல்லிய உருளைகளே. சிறிய இருவீச்சு இயந்திரங்களில் இவற்றுக்கெனத் தனி எண்ணெய்த் தொட்டி இல்லை. எரிபொருளோடு கலந்து வரும் எண்ணெயே இவற்றை நனைக்கின்றது. அது குறைந்தால் உலோகம் உலோகத்தோடு உராயும், வெப்பமேறும், தட்டும் ஓசை எழும், ஈற்றில் யாவும் இறுகிவிடும்.

முதியவர் இணைக்கும் தண்டைப் பற்றி அசைத்துக் காட்டினார். பக்கவாட்டிலே சிறிது அசைதல் இயல்பு. மேலும் கீழும் அசைதல் ஆகாது. இதிலோ அது நன்றாகவே அசைந்தது. "புதிது வேண்டாம், இதனைப் புதுக்கலாம்" என்றார் அவர்.

எப்போது புதுக்கலாம், எப்போது மாற்ற வேண்டும்? ஊசி உருளைகளும் அவற்றைத் தாங்கும் முளையும் இணைக்கும் தண்டும் மட்டுமே தேய்ந்திருப்பின் புதுக்கலாம். போதிகை, அதாவது பேரிங், அமரும் இடம் உப்புநீரால் அரிக்கப்பட்டிருந்தாலோ, முளை இறுகப் பொருந்தும் துளை தளர்ந்திருந்தாலோ, வணரித்தண்டு முழுவதையும் மாற்றுவதே தகும். அப்போதும் இயந்திரம் முழுவதையும் எறிந்துவிட வேண்டியதில்லை.

இவ்வகைத் தண்டு பல துண்டுகளை அழுத்திப் பொருத்தியதாகும். அழுத்தப்பொறியினாலே அதனைப் பிரித்து, புதிய உறுப்புகளை இட்டு, மீண்டும் அழுத்திச் சேர்ப்பர். பின்னர் அளவுமானியை வைத்துச் சுழற்றி நேர் பார்ப்பர். மில்லிமீற்றரின் நூறில் சில பங்கே கோணல் இருக்கலாம். அது தலைமயிரின் தடிப்பினும் குறைவு. சம்மட்டியால் அடித்து நிமிர்த்தும் வேலையன்று இது. பழைய எண்ணெய்த் தடைகளையும் மாற்றி, உள்ளே சிதறிய உலோகத்துகளை முற்றாகக் கழுவ வேண்டும்.

"பழுதைத் திருத்திவிட்டேன், காரணத்தைத் திருத்துவது உங்கள் பொறுப்பு" என்றார் முதியவர். தந்தை தயங்கியே உண்மையைச் சொன்னார். 2022ஆம் ஆண்டு ஓகஸ்டிலே மண்ணெண்ணெய் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபின், செலவைக் குறைக்க எண்ணெயைக் கண்மட்டத்திலே குறைத்து ஊற்றி வந்தாராம். அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. வறுமை எங்கே சிக்கனம் செய்யலாம் என்று தேடும்போது, கண்ணுக்குத் தெரியாத இடத்திலேதான் முதலில் கை வைக்கின்றது.

பையனை அழைத்தேன். "கைந்நூலில் ஐம்பதுக்கு ஒன்று என்றிருக்கின்றது. இருபத்தைந்து லீற்றருக்கு எவ்வளவு?" என்றேன். "அரை லீற்றர், ஐயா" என்றான் உடனே. விகிதக் கணக்கை நான் எத்தனையோ ஆண்டுகள் பள்ளியிலே கண்டிருக்கின்றேன். அதன் விலையை அன்றுதான் உணர்ந்தேன்.

அளவு குறித்த போத்தல் ஒன்று இப்போது அவர்கள் படகிலே இருக்கின்றது. ஒவ்வொரு மாலையும் எண்ணெய் அளந்து வைப்பது பையனின் வேலை. காலையிலே அவன் பள்ளிக்கு வந்துவிடுகின்றான்.

கடற்றொழில் புரியும் நேயர்களே, இயந்திரத்தில் புதிய ஓசை கேட்டால் அன்றே கரை திரும்புங்கள். வருமானம் ஒருநாள் குறைந்தாலும், உங்களை எதிர்பார்த்து வீட்டிலே விளக்கேற்றி இருப்பவர்கள் நிம்மதியாக உறங்குவர்.