பூட்டிக்கொண்ட கணினி

(ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளி திறந்த முதல் வாரத்தில் அலுவலக அறையில் ஒரு கேள்வி எழும்: “இந்தக் கம்ப்யூட்டருக்கு பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?” தெரிந்தவர் மாறுதலில் போயிருப்பார். மதிப்பெண் பட்டியல், பிள்ளைகளின் புகைப்படங்கள், பழைய வினாத்தாள்கள் எல்லாம் உள்ளே கிடக்கும். உடனே ஒருவர், “கடையில் கொடுத்து ஃபார்மட் அடித்துவிடலாம் சார்” என்பார். அந்த யோசனையைக் கடைசிக்குத் தள்ளிவைக்க வேண்டும் என்று சொல்லவே வந்திருக்கிறேன்.

முதலில் விசைப்பலகையைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். கேப்ஸ் லாக் போட்டிருக்கலாம். நம் பள்ளிகளில் இன்னொன்றும் உண்டு: தமிழில் தட்டச்சு செய்துவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள். நுழைவுத் திரையிலும் தமிழ்99 நின்றுகொண்டு, நீங்கள் அடிக்கும் ஆங்கிலக் கடவுச்சொல்லை வேறு எழுத்தாக்கிவிடும். திரையின் கீழ் வலது மூலையில் மொழிக் குறியீடு தெரியும். விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸை அழுத்தினால் மாறிவிடும். கடவுச்சொல் பெட்டியில் உள்ள கண் படத்தை அழுத்தினால் என்ன அடித்தோம் என்பதும் தெரியும்.

கடவுச்சொல் உண்மையிலேயே தெரியவில்லை என்றால், அது எந்த வகைக் கணக்கு என்று பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால், வேறொரு கைபேசியிலிருந்தே கடவுச்சொல்லை மாற்றலாம். ஆனால் சரிபார்ப்பு எண், கணக்கில் பதிந்த கைபேசிக்கோ மின்னஞ்சலுக்கோதான் போகும். மாறுதலில் போனவரின் எண் என்றால் அவரை அழைத்துத்தான் ஆக வேண்டும். அந்தக் கணினிக்கு மட்டுமான உள்ளூர்க் கணக்கு என்றால், தவறான கடவுச்சொல் அடித்ததும் மாற்றுவதற்கான இணைப்பு தோன்றும். கணக்கு தொடங்கியபோது கொடுத்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிய வேண்டும். அதே கணினியில் நிர்வாகி உரிமையுள்ள இன்னொரு கணக்கு இருந்தால் வேலை சுலபம். அதில் நுழைந்து இதற்குப் புதுக் கடவுச்சொல் போடலாம். கோப்புகள் அப்படியே இருக்கும். உலாவியில் சேமித்துவைத்த கடவுச்சொற்கள் மட்டும் போய்விடக்கூடும்.

இவை எதுவும் கைகொடுக்காவிட்டாலும் ஃபார்மட்டுக்கு அவசரப்பட வேண்டாம். நுழைவுக் கடவுச்சொல் என்பது வாசலில் நிற்கும் காவலர் மாதிரி. வட்டு குறியாக்கம் செய்யப்படாதிருந்தால், அதைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துக் கோப்புகளை நகலெடுக்கலாம். கடைக்காரரிடம் அதை முதலில் கேளுங்கள். திருடியவரும் இதையே செய்யலாம் என்பது வேறு கதை!

குறியாக்கம் செய்த வட்டு இரும்புப் பெட்டி. புதிய மடிக்கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே இது தானாக இயங்கிவிடுகிறது. பலருக்கு அது தெரிவதே இல்லை. மதர்போர்டு மாற்றினாலோ பயாஸ் அமைப்பில் கை வைத்தாலோ ஒரு நீலத் திரை வந்து மீட்புத் திறவுகோல் கேட்கும். அது 48 இலக்க எண். பெரும்பாலும் அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். திரையில் தெரியும் அடையாளக் குறியோடு ஒப்பிட்டு எடுக்க வேண்டும். அந்த எண் எங்குமே இல்லை என்றால், மைக்ரோசாஃப்ட்டாலும் திறக்க முடியாது.

2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. பிழையை நீக்கும் வழி சில மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் குறியாக்கம் செய்த கணினிகளில் அதைச் செய்ய, ஒவ்வொன்றுக்கும் அந்த 48 இலக்கம் தேவைப்பட்டது. சில இடங்களில் திறவுகோல்களை வைத்திருந்த சர்வரும் சேர்ந்தே முடங்கிக் கிடந்தது. பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்.

அதனால் நம் பள்ளியில் காகிதம் போதும். இரண்டாவது நிர்வாகி கணக்கின் கடவுச்சொல், மீட்புத் திறவுகோல் இரண்டையும் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, தேதியும் கையொப்பமும் இட்டுத் தலைமையாசிரியர் பீரோவில் வையுங்கள். மானிட்டர் ஓரத்தில் சீட்டு ஒட்டாதீர்கள். நமக்கு முன்னால் ஏழாம் வகுப்புப் பிள்ளை அதைப் படித்துவிடும். இருப்புப் பதிவேட்டில் கணினியின் பெயருக்கு எதிரே ‘உறை உண்டு’ என்று ஒரு குறிப்புப் போதும்.

மாறுதல் ஆணை வந்தவர், பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் புதியவர் முன்னிலையில் ஒருமுறை உள்நுழைந்து காட்டட்டும். புதியவர் அங்கேயே கடவுச்சொல்லை மாற்றி, புது உறை போடட்டும்.

இப்போது எல்லோரும் அவரவர் முன்னால் உள்ள கணினியில் அந்த இரண்டாவது கணக்கைத் தொடங்குங்கள். நான் ஒவ்வொருவரிடமும் வருகிறேன்.